மேடையின் உயரம்

(சிட்லபாக்கத்தில் ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



முதலில் இந்த மைக்கைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள், தம்பி. எனக்கு முன்னால் பேசியவர் ஆறடி இருப்பார். நான் ஐந்தடி நாலு. இன்னும் கொஞ்சம்... போதும். நன்றி.

பார்த்தீர்களா, ஒரு திருகைத் தளர்த்தினார், இறங்கிவிட்டது. இதே வேலையை என் வீட்டுச் சமையல் மேடைக்குச் செய்ய எனக்குப் பதினோரு வருஷம் ஆயிற்று. நோட்டீஸில் 'அழகான வீடுகளும் சின்ன இடங்களும்' என்று கம்பீரமாகத் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நான் அந்த மேடையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நடுவில் பிரான்ஸுக்கும் பாண்டிச்சேரிக்கும் ஒரு நடை போய்விட்டு வருவோம்.

என் தொழில் பிளான் வரைவது. தாம்பரத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் உட்கார்ந்து முப்பத்தைந்து வருஷம் வரைந்தேன். ஆர்க்கிடெக்ட் என்று என்னை யாரும் சொன்னதில்லை. 'பிளான் போடறவர்' என்பார்கள். சிட்லபாக்கம் பேரூராட்சியாக இருந்த காலத்தில் அப்ரூவலுக்குப் போன அரை கிரவுண்டு, முக்கால் கிரவுண்டு பிளான்களில் நிறைய என் கை பட்டவை. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு நாம் சேர்ந்த சமயத்தில் நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

வீடு கட்ட வருகிறவர்கள் கையில் எப்போதும் ஒரு படம் இருக்கும். அந்தக் காலத்தில் காலண்டரிலிருந்து கிழித்து வருவார்கள். பிறகு சினிமாவில் பார்த்த ஹாலை வாயாலேயே வரைவார்கள்: "அந்தப் படத்துல கதாநாயகி இறங்கி வருவாளே சார், அந்த மாதிரிப் படி." இப்போது செல்போன். கடைசியாக என்னிடம் வந்த ஒரு இளம் தம்பதி பாலித் தீவில் இருக்கும் ஒரு பங்களாவின் படத்தைக் காட்டினார்கள். அவர்கள் வாங்கியிருந்தது 650 சதுர அடி ஃபிளாட். "இந்த ஃபீல் வேணும் சார்" என்றார் அந்தப் பையன். நான் கேட்டேன்: "இந்தப் படத்துல துணி எங்கே காயப் போடறாங்க?" இரண்டு பேரும் படத்தை விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கித் தேடினார்கள். பாவம், கேட்டிருக்க வேண்டாம். அந்த வீட்டில் துடைப்பமும் கிடையாது, கேஸ் சிலிண்டரும் கிடையாது, மாவு அரைத்த கிரைண்டரைக் கழுவிக் கவிழ்த்து வைக்க ஓர் இடமும் கிடையாது.

படம் பார்ப்பதில் தப்பில்லை. நானும் பார்ப்பேன், இந்த வயதிலும் பார்க்கிறேன். ஆனால் ஒரு அழகான வீட்டைப் பார்த்தால் நாம் எடுத்துக்கொள்வது அதன் கலர், அதன் டைல்ஸ், அதன் விளக்கு. விட்டுவிட்டு வருவது அதன் அளவு. யாருடைய உடம்புக்கு, எந்த வெயிலுக்கு, எந்த வேலைக்கு அந்த அளவு வந்தது என்று கேட்பதில்லை. நானே கேட்காதவன்தான்.

1987-இல் இங்கே வீடு கட்டினேன். 20-க்கு 60 மனை. என் வீட்டுக்கு நானே பிளான் போட்டதில் எனக்கு ஒரு கர்வம். யாரிடமோ இரவல் வாங்கிய வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றில் அமெரிக்கச் சமையலறை ஒன்றின் படம் இருந்தது. வழவழவென்று மேடை, கீழே வரிசையாகக் கதவுகள். மேடை உயரம் 36 அங்குலம் என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தான். நான் அதை அப்படியே எடுத்து மேஸ்திரியிடம் கொடுத்தேன். மேஸ்திரி ஒருமுறை தலையைச் சொறிந்தார். "ஒசரமா இருக்காதுங்களா?" என்றார். "புத்தகத்துல போட்டிருக்கு" என்றேன். அவரும் கடப்பைக் கல்லை நிறுத்திக் கட்டிவிட்டார்.

என் அம்மாவின் உயரம் 4 அடி 10 அங்குலம்.

மேடை 36 அங்குலம். அதன்மேல் அடுப்பு ஐந்தங்குலம். அடுப்பின்மேல் சாம்பார் வைக்கும் குண்டான் எட்டங்குலம். கூட்டினால் 49. அம்மாவின் தோள் 47-இல் இருந்தது. அதாவது, கொதிக்கும் குழம்பைக் கிளற அவள் தன் தோளுக்கு மேலே கையைத் தூக்கிக் கரண்டியைப் பிடிக்க வேண்டும். உள்ளே வெந்ததா இல்லையா என்று எட்டிப் பார்க்க முடியாது. அம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பையன் கட்டின வீடு. சாப்பாட்டுக்கு உட்காரும் பலா மணை ஒன்று இருந்தது, அதைக் கீழே போட்டு ஏறி நின்று சமைத்தாள். அடுப்பிலிருந்து தொட்டிக்குப் போக வேண்டுமென்றால் இறங்கி, மணையைக் காலால் தள்ளிக்கொண்டு போய், மறுபடி ஏறுவாள். விடியற்காலை ஐந்து மணிக்கு 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும். பால் காய்ச்சுகிறாள் என்று அர்த்தம். மறுபடி ஒரு 'கர்ர்ர்'. டிகாக்‌ஷன் இறக்கப் போகிறாள். பதினோரு வருஷம் அந்தச் சத்தத்தில் கண் விழித்தேன். வீடுகளுக்கு அளவு போட்டுக் கொடுத்துச் சம்பாதித்தவனுக்கு அந்தச் சத்தம் எதனால் வருகிறது என்று தோன்றவில்லை.

அலமாரிக் கதவு பழுது பார்க்க ஒரு ஆசாரி வந்தார். அவர்தான் கேட்டார்: "அம்மா ஒசரத்துக்கு மேடை போடலீங்களா சார்? பிளான் போட்டது யாரு?" நான் காபி கொண்டுவரச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன்.

அதன் பிறகுதான் அளவு என்பது எங்கிருந்து வருகிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சண்டிகரை வடிவமைத்த லெ கொர்பூசியே 'மாடுலர்' என்று ஓர் அளவுமுறை கண்டுபிடித்தார். மனித உடம்பை வைத்துக் கட்டடத்தை அளக்கும் முறை. நல்ல எண்ணம்தான். முதலில் 175 சென்டிமீட்டர் ஆளை அடிப்படையாக வைத்தார். பிறகு ஆறடி ஆளாக மாற்றினார். காரணம் தெரியுமா? இங்கிலீஷ் துப்பறியும் நாவல்களில் நல்ல தோற்றமுள்ள போலீஸ்காரர் எப்போதும் ஆறடி இருக்கிறாராம்! சிரிக்காதீர்கள், அவரே எழுதி வைத்திருக்கிறார். கதையில் வரும் ஒரு போலீஸ்காரரின் உடம்பை வைத்துச் சண்டிகரின் வாசற்கால்களுக்கும் ஜன்னல்களுக்கும் அளவு போயிருக்கிறது. நம் ஊர்க் கணக்கு விரல், சாண், முழம். முழம் என்றால் எவன் கை முழம் என்ற சண்டை உண்டு, பூக்காரியிடம் தினமும் நடக்கிற சண்டைதான். ஆனாலும் அந்தக் கை எதிரே நிற்கிற ஒருவருடைய கை.

கொர்பூசியேவைக் கிண்டல் செய்துவிட்டு விட்டுவிட முடியாது. சின்ன இடம் என்று பேச வந்தால் அவர் தனக்காகக் கட்டிக்கொண்ட குடிசையைப் பார்த்தே ஆக வேண்டும். பிரான்ஸின் தெற்குக் கடலோரத்தில் 1952-இல் முடிந்த ஒற்றை அறை. நீளம் 366 சென்டிமீட்டர், அகலமும் அதே. உயரம் 226. நம் கணக்கில் 12-க்கு 12, கூரை ஏழரை அடிக்கும் கீழே. நம் ஃபிளாட்டில் ஒரு பெட்ரூம். உலகத்துக்கே நகரம் வரைந்து கொடுத்தவர், கோடையில் தான் வந்து தங்க இது போதும் என்றார். கட்டில், மேசை, அலமாரி, முகம் கழுவும் தொட்டி, கழிப்பிடம் எல்லாம் அதற்குள். கட்டிலுக்கு அடியில் இழுப்பறைகள். கடலும் மரமும் தெரிகிற இடத்தில் மட்டும் சின்னச் சின்னச் சதுர ஜன்னல்கள். 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் அது சேர்ந்தது. ஒன்று மட்டும் அங்கே கிடையாது: சமையலறை. பக்கத்திலேயே ஒரு சிற்றுண்டிக் கடை, குடிசையிலிருந்து நேராக அதற்குள் போக ஒரு கதவு. மனைவிக்குப் பிறந்தநாள் பரிசாகக் கட்டியதாம். சமையலறை இல்லாத வீடு என்பதே பெரிய பரிசுதான் என்று என் மனைவி சொல்கிறாள்.

அந்தக் குடிசையிலிருந்து மரப்பலகைச் சுவரை எடுத்துக்கொண்டு வராதீர்கள், கரையான் தின்றுவிடும். கட்டிலின் அடிப்பாகம் காலியாக இருக்கக்கூடாது என்பதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குப் பிரான்ஸ் வரை போக வேண்டாம் என்பதும் உண்மை. நம் பாட்டிகள் உத்தரத்திலிருந்து உறி கட்டித் தொங்கவிட்டார்கள், தரையைத் தொடாமல் தயிர் ஒரு பக்கம், பூனைக்கு எட்டாமல் வெண்ணெய் ஒரு பக்கம். சமையலறைக்கு மேலே பரண். சுவரின் கனத்துக்குள்ளேயே மாடப்பிறை, அதில் விளக்கு. அஞ்சறைப்பெட்டியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம், உளுத்தம்பருப்பு, ஒரே மூடி. தாளிக்கிறபோது எண்ணெய் காய்ந்து கடுகு போடுவதற்கும் அடுத்ததைப் போடுவதற்கும் நடுவில் உங்களுக்குக் கிடைக்கிற நேரம் சில விநாடி. ஐந்து டப்பாவைத் திறந்து மூட அவகாசம் இல்லை. அந்தச் சில விநாடிதான் அந்தப் பெட்டியை வடிவமைத்தது. இந்திய அரசு அழைத்து, வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் அமெரிக்காவிலிருந்து வந்து நாடெல்லாம் சுற்றி 1958-இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதில் அவர்கள் வியந்து எழுதியது மாளிகைகளைப் பற்றியல்ல, சொம்பைப் பற்றி. இடுப்பில் வைத்தால் எப்படி உட்காரும், தலையில் வைத்தால் எப்படி, தண்ணீர் ஊற்றும்போது எப்படிச் சாயும், உள்ளே கையை விட்டுத் தேய்க்க முடியுமா என்று கேட்டுக்கொண்டே போகிறார்கள். அந்த அறிக்கையிலிருந்துதான் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961-இல் வந்தது. அவர்கள் நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியைப் பார்த்திருந்தால் இன்னும் பத்துப் பக்கம் எழுதியிருப்பார்கள்.

சரி, பக்கத்தில் பார்ப்போம். இங்கிருந்து ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினால் தட்சிணசித்ரா அருங்காட்சியகம். கேம்ப் ரோடு, மேடவாக்கம், சோழிங்கநல்லூர், அக்கரை, அங்கே கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தெற்கே முட்டுக்காடு. செவ்வாய்க்கிழமை போய்விடாதீர்கள், விடுமுறை. டெபோரா தியாகராஜன் முன்னின்று ஆரம்பித்தது, 1996-இல் திறந்தார்கள். இடத்தின் அமைப்பு லாரி பேக்கர் போட்டது, கூட நின்று செய்தவர் பென்னி குரியாகோஸ். செட்டிநாட்டு வீடு, நெசவாளர் வீடு, அக்கிரகாரத்து வீடு, கேரளத்து மர வீடு என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கூட்டியிருக்கிறார்கள். கூட்டம் முழுக்கச் செட்டிநாட்டு வீட்டுத் தூண்களைக் கட்டிப்பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும். நீங்கள் பேசாமல் அக்கிரகாரத்து வீட்டுக்குள் போங்கள். போகும்போது சட்டைப் பையில் ஒரு டேப் வைத்துக்கொள்ளுங்கள். தையல்காரர் டேப்பே போதும்.

ஏன் அந்த வீடு என்கிறேன்? அது நம் வீடு. அகலம் குறைவு, ஆழம் அதிகம். நம் 20-க்கு 60 மனை மாதிரி. இரண்டு பக்கச் சுவரும் பக்கத்து வீட்டோடு ஒட்டியது, பக்கவாட்டில் ஒரு ஜன்னல்கூட வைக்க முடியாது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், பின்கட்டு, கொல்லை என்று ஒரே கோட்டில் போகிறது. வாசலில் நின்றால் கொல்லை தெரியும். இருட்டாக இருக்க வேண்டிய வீடு அது. ஆனால் நடுவில் வானத்தைத் திறந்து விட்டிருக்கிறார்கள், வெளிச்சமும் காற்றும் அங்கேயிருந்து இரண்டு பக்கமும் போகிறது.

இப்போது நம் தெருவில் கணக்குப் போடுவோம். 20 அடி அகல மனையில் இரண்டு பக்கமும் மூன்று மூன்று அடி சந்து விடுகிறோம். நீளம் 60. மூன்று இரண்டு ஆறு, ஆறு அறுபது 360. மனையே 1200 சதுர அடி. அதில் 360 சதுர அடி சந்துக்கே போய்விட்டது. அந்தச் சந்தில் என்ன இருக்கிறது? உடைந்த கோமோடு, பழைய சைக்கிள், வாஷிங் மெஷின் தண்ணீர் போகிற குழாய், ஒரு துளசிச் செடி, அதுவும் வெயில் இல்லாமல் நீண்டு வளைந்து போனது. நம் ஹால் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர் குளியலறை ஜன்னல். அவர் பாடுவது நமக்குத் தெரியும், நாம் சண்டை போடுவது அவருக்குத் தெரியும். அதனால் இரண்டு பேருமே ஜன்னலை மூடிவிட்டோம். அந்த 360-இல் நூறை மட்டும் நடுவில் வைத்திருந்தால் 10-க்கு 10 முற்றம்.

விதியை மீறுங்கள் என்று நான் சொல்லவில்லை. தீ பிடித்தால் ஆள் போக வேண்டும், காற்று வர வேண்டும் என்றுதான் சந்து விடச் சொன்னார்கள். முற்றம் வைக்கவும் எல்லோராலும் முடியாது, மழைச்சாரல், கொசு, கம்பி வலை, திருட்டு பயம். ஆனால் மாடிப்படி ஏறுகிற இடத்தின் மேல் தளத்தில் 4-க்கு 4 திறந்து கண்ணாடி போடலாம், பக்கத்தில் காற்று போக ஜாலி வைக்கலாம். இந்தத் தெருவிலேயே அப்படி மூன்று வீடு செய்து கொடுத்திருக்கிறேன். பகலில் விளக்குப் போடுவதில்லை. அந்த மூன்று வீட்டிலும் தூண் கிடையாது, ஊஞ்சல் கிடையாது, பார்த்தால் யாரும் பாரம்பரிய வீடு என்று சொல்ல மாட்டார்கள். அக்கிரகாரத்து வீடு அந்தப் படிக்கட்டில்தான் இருக்கிறது.

என்னுடைய இரண்டாவது தப்பையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன. 1999-இல் மாடி எடுத்தேன். அப்போது ஒரு பத்திரிகையில் சுவர் முழுக்கக் கண்ணாடி போட்ட அறை ஒன்றைப் பார்த்து மயங்கிவிட்டேன். என் மாடி அறைக்கு மேற்குப் பக்கம் எட்டடிக்கு ஒரே கண்ணாடி, திறக்காதது. அந்தப் பத்திரிகை வீடு பனி பெய்கிற ஊரில் இருந்தது. அங்கே சாயங்கால வெயில் ஒரு வரம். இங்கே மே மாதம் நாலு மணிக்கு அந்த அறையில் அப்பளம் பொரிக்கலாம். ஒரு திரை போட்டேன். போதவில்லை, அதன் பின்னால் இன்னொரு திரை. பார்வைக்காக வைத்த கண்ணாடி இருபது வருஷத்துக்கு மேலாகத் துணிக்குப் பின்னால் கிடக்கிறது.

பாண்டிச்சேரியில் 'கோல்கொண்டே' என்று ஒரு கட்டடம் இருக்கிறது, ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதி. வெளியிலிருந்து பார்க்கலாம், உள்ளே போக அனுமதி வாங்க வேண்டும். என் மாடி அறையைக் கட்டுவதற்கு முன்னால் அதைப் பார்த்திருக்க வேண்டும் என்று இன்றுவரை அங்கலாய்த்துக்கொள்கிறேன். 1937-இல் வேலை ஆரம்பித்தார்கள். வரைந்தவர் அன்டோனின் ரேமண்ட், டோக்கியோவில் அலுவலகம் வைத்திருந்தவர். கூட இருந்து கட்டியவர் ஜார்ஜ் நகாஷிமா, பிற்காலத்தில் அமெரிக்காவில் மர நாற்காலிகளுக்குப் பெயர் பெற்றவர். பணம் நிஜாமின் திவான் சர் அக்பர் ஹைதரி மூலம் வந்தது, அதனால்தான் கோல்கொண்டா பெயர். இந்தியாவில் சிமென்ட் கம்பிக் கான்கிரீட்டில் எழுந்த முதல் நவீனக் கட்டடங்களில் ஒன்று.

அறைகள் சின்னவை. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, கீழே கருப்புக் கடப்பைக் கல். அந்த அறைக்கு ஜன்னல் என்று தனியாக ஒன்றும் கிடையாது. வெளிச்சுவர் முழுவதுமே அசையும் பலகைகள், மேலிருந்து கீழ் வரை. வெயில் வந்தால் சாய்த்துக்கொள்ளலாம், காற்று வேண்டுமென்றால் படுக்க வைக்கலாம், மழைக்கு மூடலாம். எதிர்ப்பக்கம் நடைபாதைக்குத் திறக்கிற கதவு இழுத்து நகர்த்துவது, அதுவும் தேக்குச் சட்டங்கள் இடைவெளி விட்டு அடித்தது. கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினாலும் காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகும். கண்ணாடி ஒரு துண்டுகூட வேண்டியிருக்கவில்லை. ஏசி கண்ணில் படாத காலத்தில் பாண்டிச்சேரியின் புழுக்கத்தை ஒரு செக் அமெரிக்கரும் ஒரு ஜப்பானிய அமெரிக்கரும் அவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டார்கள். சிட்லபாக்கத்திலேயே குடியிருந்த நான் மேற்கு வெயிலைப் புரிந்துகொள்ளவில்லை.

ஆத்தங்குடிக் கல் பற்றி ஒரு வார்த்தை. இப்போது எல்லா ஃபிளாட்டிலும் கேட்கிறார்கள். அது சூளையில் சுடுகிற ஓடல்ல. ஒரு கண்ணாடிப் பலகை மேல் பித்தளை அச்சு வைத்து, வண்ணச் சிமென்ட்டைக் கரண்டியால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த மணலும் சிமென்ட்டும் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறப்போட்டு, காய்ந்ததும் கண்ணாடியிலிருந்து பிரிக்கிறார்கள். முகத்தில் உள்ள வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. அதற்குப் பிறகு மெருகு ஏறுவது காலால். வெறுங்காலோடு நடக்க நடக்க, துணியால் துடைக்கத் துடைக்கப் பளபளக்கும். வீட்டுக்குள்ளேயும் ரப்பர் செருப்போடு நடக்கிறவர்கள், ஆசிட் ஊற்றிக் கழுவுகிறவர்கள், தயவுசெய்து அதை வாங்கவேண்டாம். இரண்டு வருஷத்தில் முகம் செத்துவிடும், பிறகு கல்லைத் திட்டுவீர்கள்.

கொழும்பில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா அடுத்தவர் ஊர்ப் பொருளை எப்படி எடுத்துக்கொண்டார் என்று பாருங்கள். 33-ஆவது சந்தில் வரிசையாக நாலு சின்ன வீடுகள். 1958-இல் ஒன்றை வாங்கினார், பத்து வருஷத்தில் மற்ற மூன்றும் கைக்கு வந்தன. இடித்துத் தள்ளி ஒரு பெரிய மாளிகை எழுப்பியிருக்கலாம். நாலையும் ஒரு நீண்ட நடையால் கோத்தார். எங்கே இருட்டுகிறதோ அங்கே கூரையைக் கிழித்து ஒரு துண்டு வானம் விட்டார், அதன் கீழே ஒரு செடி, ஒரு சின்னக் குளம். செட்டிநாட்டுத் தூண்களும் அங்கே நிற்கின்றன. நம் ஊரில் வீடு பிரித்து விற்ற தூண்கள் கடல் தாண்டிப் போய் நடையின் ஓரத்தில், வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து, நிற்கின்றன. இங்கே கார் போர்ட்டிக்கோவுக்கு நாலு தூண் ஒட்டவைத்து, ஒவ்வொன்றின் கழுத்திலும் சீரியல் லைட் சுற்றுகிறோம்.

சென்னையில் நல்ல வீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் போட் கிளப் பக்கம் போகவேண்டும் என்பதில்லை. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் போய்ப் பாருங்கள். 1977-இல் உலக வங்கிக் கடனில் மனையும் தண்ணீரும் சாக்கடையும் சாலையும் மட்டும் கொடுத்து, வீட்டை நீங்களே முடிந்தபோது கட்டிக்கொள்ளுங்கள் என்று விட்ட திட்டம். மிகச் சின்ன மனைகள். அவர்கள் ஓர் அறை கட்டினார்கள், பையனுக்குக் கல்யாணம் ஆனதும் மேலே இன்னொன்று, வாடகைக்கு மூன்றாவது. படியை வெளியே வைத்ததால்தான் அது முடிந்தது. இந்தூரில் கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி 'அரண்யா' என்ற குடியிருப்பில் செய்ததும் இந்த வழிதான், 2018-இல் பிரிட்ஸ்கர் பரிசு வந்தபோது எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். எனக்கு 1987-இல் யாராவது 'படியை வெளியே வை' என்று சொல்லியிருக்கலாம். மாடிக்குக் குடிவந்தவர்கள் எல்லோரும் எங்கள் ஹால் வழியாகத்தான் ஏறினார்கள். அவர்கள் வீட்டு மீன் வாசனையும் எங்கள் ஹால் வழியாகத்தான்.

இனி நம் தெரு. நம் ஊருக்கு மட்டும் ஒரு தனி அளவுப் பிரச்சினை உண்டு: வீடு நிற்கிறது, சாலை வளர்கிறது. நான் கட்டியபோது வாசலில் மூன்று படி ஏறிப் போக வேண்டும். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டார்கள். முதலில் ஒரு படி போயிற்று, பிறகு இன்னொன்று. இப்போது சில பழைய வீடுகளுக்கு ஒரு படி இறங்கிப் போகிறோம். 2015 டிசம்பரில் தண்ணீர் வந்தபோது எந்த வீட்டுக்குள் எவ்வளவு என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கப்புறம் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். நானும் போய் நின்று பார்த்தேன். அஸ்திவாரத்தை ஒட்டிச் சுவரைச் சுற்றிலும் வரிசையாக ஜாக்கிகள், ஆட்கள் சத்தம் கொடுத்துக்கொண்டு ஒரே சமயத்தில் திருகுகிறார்கள், வீடு நெல்லளவு நெல்லளவாக எழும்புகிறது. உள்ளே காலண்டர் ஆடவில்லை. புது வீடுகள் பயத்தில் சாலையிலிருந்து நாலடி உயர்த்திக் கட்டுகின்றன. அதற்கு முன்னால் செங்குத்தாக ஒரு சரிவு. முழங்கால் வலிக்காரர்கள் அதில் ஏற முடியாமல் கேட்டுக்கு வெளியே நின்றே பேசிவிட்டுப் போகிறார்கள்.

அதைப் பார்த்துத்தான் எனக்குத் திண்ணை ஞாபகம் வந்தது. பழைய வீடுகளில் நான் டேப் வைத்துப் பார்த்த திண்ணைகள் பெரும்பாலும் தரையிலிருந்து ஒன்றரை அடியை ஒட்டியே இருக்கின்றன, ஒரு முழம். உட்கார்ந்தால் பாதம் தரையில் படும், எழுந்திருக்க யாரும் கை கொடுக்க வேண்டாம். திண்ணை கட்ட நமக்கு இடமில்லை, காம்பவுண்டுச் சுவர் வந்துவிட்டது. நான் என்ன செய்தேன் என்றால், கேட்டுக்குப் பக்கத்தில் காம்பவுண்டை மூன்றடி நீளத்துக்கு உள்ளே தள்ளிக் கட்டி, தெருப் பக்கமாக ஒரு முழ உயரத்தில் ஒரு கடப்பைக் கல் பதித்தேன். மேலே ஒரு சின்ன சன்ஷேடு. மொத்தச் செலவு ஒரு நல்ல செல்போன் விலைகூட இல்லை. 'கண்டவன் வந்து உட்காருவான்' என்று வீட்டில் ஆட்சேபம். கண்டவர்கள்தான் உட்கார்ந்தார்கள்: பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்து நார் கிழிக்கிறாள், பார்சல் கொண்டுவருகிற பையன் ஓடிபி வருகிற வரை உட்காருகிறான், ஏரிக்கரையில் நடந்துவிட்டுத் திரும்புகிற எதிர்வீட்டுப் பெரியவர் பாதி வழியில் இளைப்பாறுகிறார். என் முப்பத்தைந்து வருஷ வேலையில் எனக்குப் பிடித்த கட்டடம் எது என்று கேட்டால் அந்த மூன்றடியைத்தான் சொல்வேன். அப்ரூவல் வாங்கவில்லை, அதிகாரிகள் யாராவது இருந்தால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், மேடை என்ன ஆயிற்று என்று. ஆசாரி வந்து போன மாதமே இடித்தேன். அம்மாவை நிற்க வைத்து, செருப்பில்லாமல், முழங்கையை மடிக்கச் சொல்லி அளந்தேன். "எதுக்குடா தையக்காரன் மாதிரி" என்றாள். அடுப்பு வைக்கிற பக்கம் 28 அங்குலத்துக்கு இறக்கினேன். பத்து நாள்தான் நிம்மதி. என் மனைவி 5 அடி 5, அவளுக்கு அந்த மேடையில் குனிந்து காய் நறுக்கி முதுகு பிடித்துக்கொண்டது. மறுபடி மேஸ்திரி. காய் நறுக்கவும் மாவு பிசையவும் தொட்டிக்குப் பக்கத்தில் 33-இல் இன்னொரு மட்டம். இப்போது எங்கள் மேடை இரண்டு படிக்கட்டு மாதிரி இருக்கும். பத்திரிகையில் போட மாட்டார்கள். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்தப் பக்கத்தை உயர்த்திவிடலாமா என்று நான் கேட்டேன். "ஆழமான பாத்திரம் வைக்க அதுதான் வசதி, தொடாதீங்க" என்றாள் மனைவி.

மணை பூஜையறையில் இருக்கிறது. அடியில் இரண்டு கட்டையும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும்.

தம்பி, அடுத்துப் பேச வருகிறவர் என்னைவிட உயரம். மைக்கை ஏற்றிவிடுங்கள்.